ரத்தான போணி

ஜூன் 3, திங்கள்

விசிட்டிங் கார்டு அச்சாகி வந்துவிட்டது. சுகந்தி, இணையதள வடிவமைப்பாளர், உடுமலைப்பேட்டை. கீழே போன் நம்பர். அண்ணி ரேணுகா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காதுகுத்துப் பத்திரிகை மாதிரி ஓரத்தில் மஞ்சள் தடவியிருக்கலாம் என்றாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. வாய் மட்டும் அவளுக்கு இரண்டு பங்கு.

பூபதி அண்ணனுக்கு மின்வாரியத்தில் வேலை. மாற்றல் கிடைத்தது அண்ணியின் சொந்த ஊருக்கே என்பதால் அவளுக்கு ஒரே கொண்டாட்டம். மாடி அறை காலியாகக் கிடந்தது, நான் வந்துவிட்டேன். சென்னையில் கம்பெனி என்னைப் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதிக் கொடுத்தேன். பெங்களூரு அலுவலகத்தில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது, ஆகஸ்ட் முடிவதற்குள் சொன்னால் போதும் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷர். அதற்குள் இந்த ஊர்க் கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்துகொடுத்துப் பிழைக்க முடியுமா என்று பார்த்துவிட வேண்டும். முடியாவிட்டால் பெங்களூரு. யாரையும் தெரியாத இடத்தில், மறுபடி ஒரு பூட்டிய வீட்டுக்குத் தினமும் திரும்பி வருவதை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

காலை ஒன்பதரைக்கே கடைவீதியில் இறங்கிவிட்டேன். அப்போதுதான் கடை திறந்திருப்பார்கள், கூட்டம் இருக்காது, நிதானமாகப் பேசலாம் என்பது என் திட்டம். பாத்திரக்கடை மருதாசலம் என்பவர் கற்பூரத் தட்டோடு கல்லாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். வெப்சைட் என்று தொடங்கி, செலவு எவ்வளவு ஆகும் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வாடிவிட்டது. அப்பறம் வாங்க என்றார். அடுத்த கடையிலும் அப்பறம் வாங்க. அதற்கடுத்த கடையில் அதைக்கூடச் சொல்லவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

இன்றும் அதே கதைதான். ரசத்தில் உப்பு கூடிவிட்டது.

ஜூன் 6, வியாழன்

அண்ணி இன்று சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. தினமும் எத்தனை மணிக்குக் கடைகளுக்குப் போகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். தரையில் உட்கார்ந்தே சிரித்தாள்.

"ஏன் சுகந்தி, கடையைத் தொறந்து சாமி கும்பிட்டு, மொத காசு கல்லாவுல விழுகறதுக்கு முன்னாடியே போயி நின்னு, எனக்கு இவ்வளவு குடுங்கன்னு கேட்டா எவன் குடுப்பான்? போணி ஆகோணுமல்ல."

போணி எனக்குத் தெரியாத சொல்லா? அன்றைய முதல் வியாபாரம் நல்லபடியாக அமைந்தால் அன்றைக்கு முழுக்க நன்றாக இருக்கும் என்பார்கள். ஆனால் நான் வளர்ந்தது நெய்வேலி குவார்ட்டர்ஸில். சாமான் எல்லாம் கூட்டுறவுப் பண்டகசாலையில், அங்கே போணி ஆனாலும் ஆகாவிட்டாலும் சம்பளம் வந்துவிடும். அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் ஏசி அறை. காலை ஒன்பதரை என்றால் மீட்டிங் நேரம் என்று மூளையில் பதிந்துபோயிருக்கிறது. நாலு நாளாக ஊரில் பாதிப் பேருடைய போணியைக் கெடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஜூன் 10, திங்கள்

ஒரு யோசனை செய்தேன். காலையிலேயே போவது, ஆனால் விற்கப் போகாமல் வாங்கப் போவது. போணி நம் கையாலேயே ஆகிவிட்டால் அப்புறம் பேச்சைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

தெய்வானை மேட்சிங் சென்டரைத் தேர்ந்தெடுத்தேன். லைனிங் துணி, சேலைக்கு ஃபால்ஸ், லேஸ், கொக்கி, எல்லாம் கிடைக்கும். தரையிலிருந்து கூரை வரை நிறம் நிறமாக அடுக்கியிருக்கிறார்கள். தெய்வானை அக்காவுக்கு ஐம்பது இருக்கும். நான் கத்திரிப்பூ நிறத்தில் லைனிங் கேட்டதும், அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி இழுத்துப் போட்டார். பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றி, கல்லாவை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போட்டார். அதற்கப்புறம் நான் என் கதையை எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். டீ சொன்னார். கடைசியில், ஃபால்ஸ் எல்லாம் சேலையோடு வைத்துப் பார்த்து வாங்குகிற சாமான், போனில் பார்த்து யார் வாங்குவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூகுள் மேப்பில் கடையை இலவசமாக ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தைக்க ரவிக்கை எதுவும் இல்லாமல் லைனிங் மட்டும் வாங்கி வந்தவள் இந்த ஊரிலேயே நீதான் என்கிறாள் அண்ணி.

ஜூன் 11, செவ்வாய்

தெய்வானை அக்காவிடமிருந்து போன். வெப்சைட்டுக்குச் சம்மதம் என்று நினைத்து எழுந்து நின்றுகொண்டு பேசினேன். விஷயம் வேறு. நான் வந்துபோன பின்னால் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் மொத்தமாக வந்து, அத்தனை பேருக்கும் லைனிங்கும் லேஸும் வாங்கிப் போனார்களாம். சாயங்காலம் வரை உட்கார நேரமில்லையாம்.

"நெம்ப ராசியான கை அம்மிணி உன்றது. நாளைக்கும் காத்தால வந்துட்டுப் போ கண்ணு. ஒரு ஊசி வாங்குனாலும் போதும்."

பி.இ. முதல் வகுப்பில் பாஸ் செய்தது ஊசி வாங்கவா? போகப் போவதில்லை.

ஜூன் 12, புதன்

போனேன். ஏ.டி.எம். பக்கம் ஒரு வேலை இருந்தது, கடை வழியில்தான்.

ஊசி வாங்கினேன். இன்றும் வியாபாரம் நன்றாக இருக்கும் என்று அக்கா அடித்துச் சொன்னார். பேச்சுவாக்கில், ஊட்டுக்காரர் எங்கே வேலை, வெளியூருங்களா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். பொய்யென்று சொல்ல முடியாது. வெளியூர்தான்.

ஜூன் 13, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ரொம்பச் சாமர்த்தியமாக எழுதியிருக்கிறேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை, இங்கேயாவது நேராக எழுதலாம்.

என் கணவர் தயாளன் இறந்து இரண்டு வருஷமாகிறது. மாரடைப்பு, அலுவலகத்திலேயே. நான் பொட்டை அழிக்கவில்லை, பூவும் வைக்கிறேன். என் அம்மாவோ அண்ணனோ அண்ணியோ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன தை மாதம் தயாளனின் தங்கைக்குக் கல்யாணம். தாலியைத் தட்டில் வைத்து, எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்கச் சபையில் கொண்டுவருவார்களே, அந்தத் தட்டு என் வரிசைக்கு வந்தது. நான் கையை நீட்டினேன். தட்டைப் பிடித்திருந்த தயாளனின் சித்தி ஓர் எட்டு விலகி, எனக்கு அடுத்திருந்தவரிடம் நீட்டினார். சித்தி கெட்டவரும் இல்லை, தயாளன் போனபோது ஒரு மாசம் என் கூடவே படுத்துக்கொண்டவர். நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை, கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன். ஊர் திரும்பிய வாரம் வேலையை எழுதிக் கொடுத்தேன்.

இப்போது இந்த ஊரில் என் கை ராசியான கை. தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டேன். என்ன ஆகும், ஊசி மிச்சம்.

ஜூன் 21, வெள்ளி

பாத்திரக்கடை மருதாசலம் அண்ணன் போன் செய்தார். தெய்வானை அக்கா சொன்னாராம். முன்பு கற்பூரத் தட்டோடு என்னைத் துரத்தியவர், இன்று வாசலுக்கு வந்து கூப்பிட்டுப் போனார். ஒரு கரண்டி வாங்கினேன். இவருக்கு வெப்சைட் ஆசையும் இருக்கிறது. ஆனால் விலை போடக்கூடாதாம், எதிர்க்கடைக்காரன் பார்த்துவிடுவானாம். போன் நம்பரும் பெரிதாகப் போடக்கூடாதாம், சும்மா சும்மா கூப்பிடுவார்களாம். அப்படியானால் வெப்சைட்டில் என்னதான் போடுவது என்றேன். சாமி படம் போடலாமே என்றார்.

இந்த ராசி எல்லாம் சுத்த மூடத்தனம். ஒரு கடையில் கூட்டம் வருவதற்கு முகூர்த்த நாள் காரணம், சம்பள வாரம் காரணம். பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

ஜூன் 22, சனி

மறுபடி கரண்டி. பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

ஜூலை 2, செவ்வாய்

வீட்டில் கரண்டிகளை வைக்க இடமில்லை. ஒரு ஓட்டல் வைக்கலாம் என்கிறார் அண்ணன். சீக்கிரம் எழுந்து குளிப்பதில் எனக்கும் அண்ணிக்கும் போட்டி.

நிஜமான வேலையும் வந்துவிட்டது. தெய்வானை அக்காவின் அண்ணன் மகன் பேக்கரி வைத்திருக்கிறான். பிறந்தநாள் கேக்குக்கு ஆர்டர் எடுக்கிற மாதிரி வெப்சைட் வேண்டும் என்றான். பக்கம் எவ்வளவு வேகமாக வரும், போனில் எப்படித் தெரியும் என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். அவன் கேட்டது ஒன்றுதான்: நல்ல நாள் நீங்களே பார்ப்பீர்களா, நாங்கள் பார்க்க வேண்டுமா? வேலை முடிந்த பிறகு இன்னொன்றும் கேட்டான். பார்க்க அழகாக இருக்கிறது, கண் பட்டுவிடும், மேலே ஓரமாக ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கவிட முடியுமா? வரைந்து தொங்கவிட்டேன். காற்றில் ஆடுகிற மாதிரி செய்து கொடுத்ததில் அவனுக்கு ஏகப்பட்ட திருப்தி. உண்மையைச் சொன்னால் எனக்கும்.

இதற்கப்புறம் ஒரு பல் டாக்டர், ஒரு டிராவல்ஸ். எல்லோரும் சொல்வது, உங்கள் கை பட்டால் நன்றாக வரும் என்பதுதான். வேலை நன்றாக இருக்கும் என்று ஒருவராவது சொல்லட்டுமே. கொஞ்சம் எரிச்சல். ஆனால் சாப்பாடு நன்றாக இறங்குகிறது, தூக்கம் வருகிறது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாடியில் காயப்போட்ட துணியையெல்லாம் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோகிறது. புதுக் காரியம் எதுவும் ஒரு மாதத்துக்குக் கிடையாது. யாரைக் கேட்டாலும் ஆடி கழியட்டும்ங்க என்கிறார்கள்.

ஜூலை 24, புதன்

பெரிய வேலை ஒன்று வரும் போலிருக்கிறது. நாச்சிமுத்து அண்ணன் என்பவர் தென்னை நர்சரி வைத்திருக்கிறார், ஊருக்கு வெளியே வாய்க்கால் ஓரம். கண்ணுக்கு எட்டின தூரம் தென்னங்கன்றுகள். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் போனில் கேட்கிறார்கள், இவருக்கு அவர்கள் பேச்சு புரியவில்லை, அவர்களுக்கு இவர் பேச்சு புரியவில்லை. பல மொழியில் ஆர்டர் எடுக்கிற வெப்சைட் வேண்டும். கொடுக்கிற தொகையில் ஆறு மாதம் நான் கவலையில்லாமல் இருக்கலாம். பிறகு ஒவ்வொரு மாதமும் பார்த்துக்கொள்கிற வேலையும் என்னுடையதே. இது கைகூடினால் பெங்களூருக்கு முழுக்குப் போடலாம்.

மனிதர் நல்லவர், சகுனம் பார்ப்பதில் மட்டும் படு கறார். வழியில் பூனை குறுக்கே போனால் வண்டியைத் திருப்பிவிடுவாராம். வேலையை இப்போதே செய்யலாம், ஆனால் திறப்பது ஆவணியில், வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில். வெப்சைட்டில் முதல் ஆர்டர் என் கையால் போட வேண்டும் என்றார். அதுதான் போணி. தெய்வானை சொல்லியிருக்கிறாள், உங்கள் கைக்காகத்தான் கூப்பிட்டேன் என்றும் சொன்னார்.

சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல? பஸ்ஸில் வரும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். தூங்கிவிட்டேன் என்று அண்ணியிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மருதாசலம் அண்ணன் இரண்டு நாளாகப் போன் செய்யவில்லை. இன்று அந்தப் பக்கம் போனேன். கல்லாவுக்கு முன்னால் வேறொரு அம்மா நின்று டம்ளர் வாங்கிக்கொண்டிருந்தார், நல்ல கனமான தாலிக்கொடி, நெற்றி நிறையக் குங்குமம். அண்ணன் என்னைப் பார்த்ததும் அலமாரிப் பக்கம் திரும்பி எதையோ துடைத்தார். "இன்னிக்கு வேண்டாமுங்கம்மிணி" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

தெரிந்துவிட்டது போல.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கரண்டி வாங்கும் செலவு மிச்சம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அண்ணியிடம் சொன்னேன். மருதாசலம் அண்ணன் அப்படிப்பட்ட ஆளில்லை, நேராகப் போய் ஏன் என்று கேட்டுவிடு என்றாள். கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் வாயால் அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் அந்தத் தெருவில் எப்படி நடப்பது? இந்த ராசி எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று நானே இரண்டு இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பொருட்டில்லாததற்கு யாராவது இப்படி அழுவார்களா?

பெங்களூரு மேலாளருக்கு ஒரு மெயில் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். வர ஒப்புக்கொள்கிறேன் என்று.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி. நாச்சிமுத்து அண்ணன் தேதி குறித்துவிட்டார். முப்பதாம் தேதி வெள்ளி, ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கிலும் பக்கங்கள் ஓடுகின்றன. எது நெட்டை, எது குட்டை, எது இரண்டும் கலந்தது என்று எனக்கே இப்போது கன்றைப் பார்த்துச் சொல்லத் தெரியும். இவ்வளவு ஒழுங்காக நான் கம்பெனியில்கூட வேலை செய்ததில்லை.

அவருக்குத் தெரியவந்தால் இதெல்லாம் போகும். முப்பதாம் தேதி வரைக்கும் தாங்கினால் போதும் என்று நினைக்கிறேன். ஒருவரை ஏமாற்றி அவர் போணியைச் செய்வதா என்றும் நினைக்கிறேன். இரண்டையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு தெலுங்குப் பக்கத்தில் கன்னட விலைப்பட்டியலை ஒட்டிவிட்டேன். சரி செய்தாயிற்று.

ஆகஸ்ட் 29, வியாழன்

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு, கடைசியாக ஒரு தடவை எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தேன். வெப்சைட் செய்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்: பொய்யாக ஓர் ஆர்டர் போட்டுப் பார்ப்பது. நர்சரியில் குறைந்தது பத்துக் கன்றாவது வாங்க வேண்டும் என்பதால் பத்து என்று போட்டேன். பெயர் டெஸ்ட், முகவரி நம் வீடு. போனது. உடனே அதை ரத்து செய்தேன். அதுவும் போனது. திருப்தியாக எழுந்து முகம் கழுவினேன்.

ஆர்டர் வந்தால் செய்தி போகிற நம்பரை இன்று காலையில்தான் என் நம்பரிலிருந்து நாச்சிமுத்து அண்ணனின் நம்பருக்கு மாற்றியிருந்தேன். அது மறந்தே போயிற்று.

துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டில் மொபெட் சத்தம். நாச்சிமுத்து அண்ணன் இறங்கவில்லை, உள்ளே வரவும் இல்லை. போனை நீட்டிப் பிடித்தபடி நின்றார். நானும் அண்ணியும் ஓடினோம்.

போனில் இரண்டு செய்திகள். புதிய ஆர்டர், பத்துக் கன்றுகள். அதன் கீழேயே, ஆர்டர் ரத்து செய்யப்பட்டது.

சும்மா சோதித்துப் பார்த்தேன், கணக்கில் வராது, அழித்துவிடலாம் என்று படபடவென்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"வெசாழக்கெழம ராகு காலத்துல மொத ஆர்டரு. அதுவும் ரத்து. போணியே ரத்துன்னா, நாளைக்கு நான் எதையம்மிணி தொறக்கறது?"

அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. சொந்தக் காசு, வங்கிக் கடன், மூன்று தலைமுறைத் தோட்டம் எல்லாவற்றையும் அந்த ஒரு திரைக்குள் வைத்திருக்கிற மனிதர். அடுத்தது அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரிந்தது. யார் கையால் இப்படி ஆயிற்று என்பார். அந்தக் கை யாருடையது என்று விசாரிப்பார். அவர் விசாரித்துத் தெரிந்துகொள்ளும் வரை காத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. மறுபடி ஒருவர் என்னை விட்டு ஓர் எட்டு விலகுவதைப் பார்ப்பதைவிட நானே விலகிவிடலாம்.

"அண்ணா, தப்பு என்னோடதுதான். இன்னொண்ணும் சொல்லிடறேன். நாளைக்கு நான் போணி பண்ண வேண்டாம். என் வீட்டுக்காரர் வெளியூர்ல இல்ல. அவர் இறந்து ரெண்டு வருஷமாச்சு."

அண்ணி என் தோளைப் பிடித்தாள். நாச்சிமுத்து அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். சம்பந்தமில்லாமல் நான் எதையோ பேசுகிற மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"அது தெரியுமுங்க" என்றார். "ரேணுகா கண்ணாலத்துக்குப் பந்தல் கீத்தெல்லாம் என்ற தோட்டத்துலருந்துதான் போச்சு. உங்க ஊட்டுல நடந்தது எனக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சுதானம்மிணி கூப்புட்டேன். அதை உடுங்க. இந்த ரத்தை எப்புடி எடுக்கறது, அதைச் சொல்லுங்க."

நான் அவரையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தேன். அவருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. போனைத் தட்டிக்கொண்டே, ரத்து ரத்து என்று முனகினார்.

அண்ணிதான் பேசினாள். "கன்னு கேட்டாச்சல்லங்கண்ணா, வாங்கிக்கிட்டாப் போச்சு. நாளைக்கு நல்ல நேரத்துல அதே பத்துக் கன்னை சுகந்தியே ஆர்டர் போட்டு நெசமாவே வாங்கிக்குவா. அப்பறம் போணி எப்புடி ரத்தாகும்?"

அவர் வானத்தைப் பார்த்து யோசித்தார். கேட்டது அதே பத்துத்தான் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் சரிவராது என்றார். பழைய இரண்டு செய்திகளையும் அவர் எதிரிலேயே அழிக்கச் சொன்னார். அழித்தேன். வண்டியைக் கிளப்பும்போது, காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அவர் போன பிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணியும் அழுதாள். எதிர்வீட்டம்மா யாருக்கு என்ன ஆயிற்று என்று ஓடிவந்தார். யாருக்கும் ஒன்றுமில்லை, பத்துத் தென்னங்கன்று வருகிறது என்றாள் அண்ணி.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நடந்தது. நர்சரிக் கொட்டகையில் என் மடிக்கணினிக்குச் சந்தனம், குங்குமம். கற்பூரப் புகை திரைக்குள் போய்விடுமோ என்று நான் பயந்தேன். ஒன்பதரைக்கு ஆர்டர் போட்டேன், பெயர் இந்தத் தடவை சுகந்தி தயாளன். நாச்சிமுத்து அண்ணனின் போன் ஒலித்தது. செய்தியைப் படித்துவிட்டு, போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். மத்தியானத்துக்குள் குண்டூரிலிருந்து ஓர் ஆர்டர். அது நான் செய்த தெலுங்குப் பக்கத்தால் வந்த ஆர்டர் என்று சொல்லிப் பார்த்தேன். அதுக்குத்தானுங்க ராசின்னு பேரு என்றுவிட்டார்.

சாயங்காலம் தெய்வானை அக்கா கடைக்குப் போய், உங்களுக்கும் தெரியுமா என்று கேட்டேன். லேஸ் அளந்துகொண்டே பதில் சொன்னார்.

"கடைவீதில உக்காந்துக்கிட்டு இதுகூடத் தெரியாதா? நீ மொதல் நாள் வந்துட்டுப் போன சாயங்காலமே சொல்லிட்டாங்க. அடுத்த தடவ வந்தப்ப ஒன்ற வாயால வருதான்னு பாத்தேன், நீ தலையாட்டுன. சொல்லப் புடிக்கல போலன்னு உட்டுட்டேன்."

அப்படியிருந்தும் ஏன் என்னைக் கூப்பிட்டீர்கள் என்றேன். அக்கா அளப்பதை நிறுத்தி, இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தார்.

"யாவாரம் ஆச்சே கண்ணு."

ஆகஸ்ட் 31, சனி

எழுதி வைத்திருந்த மெயிலை அழித்துவிட்டு, வர இயலவில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். நன்றியும் சொன்னேன். மேலாளர் உடனே வாழ்த்து அனுப்பினார்.

கன்றுகள் நேற்று இரவே டெம்போவில் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. வாடகை வீட்டில் எங்கே நடுவது? எதிர்வீட்டுக்கு ஒன்று, தெய்வானை அக்காவுக்கு இரண்டு, அண்ணனின் அலுவலகத்துக்கு ஆறு. அண்ணி ஒன்றை என் கையில் கொடுத்து, மருதாசலம் அண்ணன் கடையில் கொடுத்துவிட்டு வா, கேட்க வேண்டியதையும் கேட்டுவிட்டு வா என்று துரத்தினாள்.

மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். அண்ணன் கன்றை வாங்கிக்கொண்டு வெட்கப்பட்டார். ஆடி மாதம் முதற்கொண்டு என்னைக் கூப்பிடவில்லையே, நான் ஏதாவது தப்பாக நடந்துகொண்டேனா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். உட்காரச் சொன்னார். மறுபடி தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மிணி. ஆடில ரெண்டு நாளு நீங்க வந்துட்டுப் போயும் ஒரு டம்ளருகூட விக்கல. அதான் ஆளை மாத்திப் பாத்தேன். மூஞ்சிக்கு நேரா எப்புடிச் சொல்றதுன்னு தெரியல."

"அவ்வளவுதானாண்ணா?"

"அவ்வளவுதானுங்க. வேறென்ன?"

அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன். வேறெதுவும் இல்லை. இரண்டு நாள் டம்ளர் விற்கவில்லை, அதனால் என்னை நிறுத்திவிட்டார். பச்சைச் சேலை, சீக்கிரக் குளியல், நான் அழுத அழுகை, எல்லாம் இரண்டு டம்ளருக்காக. எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அவரும் காரணம் புரியாமல் கூடச் சிரித்தார். ஒருவர் என்னை வேண்டாமென்று வைத்ததில் இவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது வருகிற அம்மாவும் அப்படியொன்றும் விசேஷமில்லை, திங்கட்கிழமையிலிருந்து மறுபடி காலையில் வருகிறீர்களா என்று கேட்டார். வரமாட்டேன் என்றேன். மத்தியானம் வருகிறேன், வெப்சைட்டைப் பற்றிப் பேசலாம், விலை கட்டாயம் போட வேண்டும் என்றேன்.